முடிச்சுப் போடாத போர்வை

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, மேஜை விரிப்பின் மூலையில் இருந்த கிளிக்கு மூக்கு தைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் ரேவதி வந்து மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்தாள். உள்ளே வெளிர் மஞ்சளில் கம்பளி நூல், உருண்டை உருண்டையாக.

"நைனா, இதுல ஒரு போர்வை போடணும்" என்றாள். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கனடாவுக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

"யாருக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. இந்தத் தடவ பாதியில வச்சுக்கிட்டு உக்காரக் கூடாது. புள்ள பொறக்கறதுக்கு முந்தியே முழுசா முடிச்சு, நூல வெட்டி, முடிச்சுப் போட்டு, துவைச்சு மடிச்சு என் கையில குடுக்கணும்."

அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். போன வருடம் எட்டாம் மாதத்தில் ஒன்றைப் பறிகொடுத்திருந்தாள்.

சரி என்றேன். தொழில் செய்த காலமெல்லாம் எத்தனையோ ஆர்டர் பிடித்திருக்கிறேன். முடியாது என்று சொல்ல வாய் வராமல் வாங்கிக்கொண்ட ஆர்டர் இது ஒன்றுதான்.

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அங்க பொழுது எப்பிடிப் போகுது?" ஊசியிலும் நூலிலும் போகிறது என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

2

என்னைத் தெரியாதவர்கள் இருக்கலாம். ஓசூரில் குறைவு, ஆனாலும் இருக்கலாம். நான் நாகரசம்பட்டிப் பக்கம் பிறந்தவன். அப்பா அடுத்தவர் மாந்தோப்பில் கூலி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான் அதை விடவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் நானும் விட்டுவிட்டேன். மத்தூரில் ஒரு தையல் கடையில் பட்டனுக்குக் காஜா எடுக்கச் சேர்ந்தேன். அங்கிருந்து ஓசூர்.

சிப்காட் தொழிற்பேட்டையில் கம்பெனிகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த காலம். என் வயதுக்காரர்கள் எல்லாம் வேலை தேடிக் கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்றார்கள். நானும்தான் நின்றேன். ஆனால் அவர்கள் கேட்டைப் பார்த்தார்கள், நான் உள்ளே போகிறவன் சட்டையைப் பார்த்தேன். நெஞ்சுப் பாக்கெட்டுக்கு மேல் கம்பெனிப் பெயர் நூலில் தைத்திருந்தது. எங்கே தைத்தது என்று கேட்டால் பெங்களூர் என்றான். இதற்காக எல்லை தாண்டிப் போய்வர வேண்டுமா என்று யோசித்தவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான்.

பாகலூர் ரோட்டில் ஒரு தகர ஷெட், ஒரு பழைய எம்பிராய்டரி மெஷின். அதிலிருந்து ஆரம்பித்துக் கடைசியில் வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர் மெஷின்கள் போட்டேன். செக்யூரிட்டி தோள்பட்டை, கேன்டீன்காரர் தொப்பி, சூப்பர்வைசர் கோட்டு, எல்லாவற்றிலும் என் நூல். காலை ஷிப்டு பஸ் போகும்போது ரோட்டோரம் நின்று பார்ப்பேன். ஜன்னலில் தெரிகிற நெஞ்சில் பாதி என் வேலை. இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாமலே இங்கிலீஷ் எழுத்தைப் பிசகில்லாமல் தைத்தவன் நான். கன்னடத்தில் பேரம் பேசுவேன், தெலுங்கில் திட்டுவேன், தமிழில் சமாதானம் செய்வேன். சொன்ன நாளில் சரக்கு போய்ச் சேராமல் இருந்ததே இல்லை.

கொக்கி ஊசியில் பின்னுகிற குரோஷா வேலையை என் மனைவி சரோஜாவிடம் கற்றேன். நூலைக் கண்ணி கண்ணியாக இழுத்துப் பின்னுவது. ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன். அடுத்த மாதம் அவளைவிட நன்றாகப் போட்டேன். அவளே ஒத்துக்கொண்டாள், கொஞ்சம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு. அவள் இறந்துபோன பிறகு ஷெட்டை ஆள்களிடமே கொடுத்துவிட்டு, ஊசிப் பெட்டியோடு மகள் வீட்டுக்கு வந்தேன்.

3

மகள் இருப்பது விண்ட்சர் என்கிற ஊர். கார் செய்கிற ஊர். ஓடுகிற பஸ், ஷிப்டு, சீருடை எல்லாம் பார்த்தால் பழகின இடம் மாதிரிதான் தெரியும். எனக்கு வாய்த்த ஊர்கள் எல்லாமே எல்லை ஊர்கள். ஓசூரில் ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. டவுன் பஸ்ஸில் ஏறிக் கன்னடத்துக்குள் இறங்கி, ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பலாம். இங்கே ஆற்றுக்கு அந்தக் கரை அமெரிக்கா. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். அதற்கு மேல் விசா வேண்டும்.

மருமகன் சிவா கார் உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறான், தர்மபுரிப் பையன். ரேவதி ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில். இரண்டு பேரும் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள். என்னைப் பார்த்ததும் தமிழுக்கு மாறுவார்கள், வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு நாற்காலி எடுத்துப் போடுவதுபோல. என் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போனபோது, தொழில் என்ன என்று கேட்ட அதிகாரிக்கு, நான் வாயைத் திறப்பதற்குள் சிவா "ரிட்டயர்டு" என்றான். வெளியே வந்ததும் கேட்டேன்.

"நான் எப்பப்பா ரிட்டயர்டு ஆனன்?"

"வேற என்ன மாமா சொல்றது?"

"எம்பிராய்டரின்னு சொல்லு."

"அது ஹாபி மாமா."

ஹாபி. அந்த வார்த்தைக்கு இங்கே மரியாதை உண்டு என்று பிறகு தெரிந்தது. செவ்வாய்க்கிழமை தோறும் நூலகத்தில் ஒரு கூட்டம் கூடுகிறது. குரோஷா போடுகிறவர்கள், துணியில் பூ தைக்கிறவர்கள். எல்லோரும் பெண்கள், நான் ஒரே ஆம்பளை. எத்தனை ப்ராஜெக்ட் கையில் இருக்கிறது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். ஓசூரில் ப்ராஜெக்ட் என்றால் கம்பெனி கட்டுவது. இங்கே ஒரு ஜோடி காலுறை பின்னினாலும் ப்ராஜெக்ட்தான். எனக்கு எப்போதும் நாலைந்து ஓடிக்கொண்டிருக்கும்: கிளி போட்ட மேஜை விரிப்பு, வாசல் தோரணம், நூலகக்காரம்மாவுக்கு ஒரு சால்வை. ஒன்று அலுத்தால் இன்னொன்று. முதல் நாளே மார்கரெட் என்கிற கிழவி என் கிளியைப் பார்த்துவிட்டு, "நீ எங்கே படித்தாய்?" என்று கேட்டாள். "சிப்காட்" என்றேன். ஏதோ பெரிய கல்லூரி என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினாள். நான் திருத்தவில்லை.

4

போன வருடத்துக்கு வருகிறேன்.

அதற்கு முன்பே ரேவதிக்கு இரண்டு தடவை ஆரம்ப மாதங்களிலேயே கலைந்திருந்தது. மூன்றாவது கலையாமல் நின்றது. ஐந்தாம் மாதம் தாண்டியதும் அவளே கேட்டாள், குழந்தைக்கு ஒரு போர்வை வேண்டும் என்று. மறுநாளே வெள்ளை நூலில் ஆரம்பித்தேன். நடுவில் சங்கு மாதிரி வடிவம், ஓரத்துக்குப் பச்சை. அப்படி ஒரு வேலையை நான் அதுவரை போட்டதில்லை. ஆனால் ஓரத்தின் கடைசிச் சுற்று வரும்போது நிறுத்திவிட்டேன். கடைசிக் கண்ணியை ஒரு ஊக்கில் மாட்டி அப்படியே வைத்தேன்.

குரோஷாவில் ஒரு சங்கதி உண்டு. எத்தனை ஆயிரம் கண்ணி போட்டிருந்தாலும் உயிரோடு இருப்பது கடைசிக் கண்ணி ஒன்றுதான். நூலை வெட்டி அதற்குள் இழுத்து இறுக்கினால் வேலை முடிந்தது. இறுக்காமல் விட்டால், ஒரு இழுப்பில் முழுவதும் பிரிந்து வந்துவிடும். அந்த ஒன்றைத்தான் நான் இறுக்காமல் வைத்திருந்தேன்.

ஏன் என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறக்காத பிள்ளைக்கு நம் பக்கம் யாரும் புதுத் துணி தயார் செய்து வைக்க மாட்டார்கள். பிறந்ததும் சுற்றுவது துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டிதான். ரேவதி வயிற்றில் இருந்தபோது நான் ஆசையாக ஒரு சின்ன கவுன் வெட்டிக்கொண்டு போனேன். சரோஜா அதைப் பிடுங்கிப் பரணில் எறிந்து, "பொறக்காத புள்ளைக்கு சட்டை தைக்கறவன் கைய ஒடைப்பன்" என்றாள். நான் ராகு காலத்தில் மெஷின் வாங்கியவன். அமாவாசை, அஷ்டமி எதுவும் பார்த்ததில்லை, பார்க்காமலேதான் ஜெயித்தேன். ஆனால் இந்த ஒன்றில் மட்டும் எனக்குத் தைரியம் கிடையாது.

இங்கே வழக்கம் நேர் எதிர். பிறப்பதற்கு முன்பே சிநேகிதர்களைக் கூப்பிட்டு விருந்து வைத்து, தொட்டிலிலிருந்து சாக்ஸ் வரைக்கும் பரிசாக வாங்கி, ஒவ்வொன்றாகப் பிரித்து எல்லோருக்கும் தூக்கிக் காட்ட வேண்டும். ரேவதியின் ஆபீஸ்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். எல்லாம் பிரித்து முடிந்ததும், "என் அப்பா செய்தது" என்று அவள் என் போர்வையைத் தூக்கினாள். ஊக்கு தொங்கியது. அதிலிருந்து நூல் போய் மேஜைக்கடியில் கிடந்த உருண்டையில் முடிந்தது.

"ஓ, இன்னும் முடியவில்லையா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"நாட் ஃபினிஷ். பேபி கம், தென் ஃபினிஷ்" என்றேன். எல்லோரும் அழகாகச் சிரித்தார்கள். ரேவதி சிரிக்கவில்லை.

வந்தவர்கள் போனதும் பிடித்துக்கொண்டாள்.

"ஊர்ல இருக்கற கம்பெனிக்கெல்லாம் சொன்ன டயத்துக்கு சரக்கு குடுத்தன்னு பீத்திக்கறீங்கல்ல? எனக்கு ஒண்ணே ஒண்ணு கேட்டன்."

"குடுக்க மாட்டன்னு சொன்னனா? வரட்டும். வந்த அன்னிக்கே ஒக்காந்து முடிக்கறன்."

"எல்லார் முன்னாடியும் ஊக்கோட காட்ட வச்சிட்டீங்க."

"ஒங்கம்மா இருந்திருந்தா அந்த ஊக்கையும் காட்ட விட்டிருக்க மாட்டா."

"அம்மா மேல போடாதீங்க. நான் ஒண்ணும் ஷெட்டுல பெத்துக்கப் போறதில்ல நைனா. இங்க டாக்டர் இருக்காங்க, மெஷின் இருக்கு, வாராவாரம் பாக்கறாங்க."

"மெஷினப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா?" என்றேன். சிவா தட்டுகளைக் கழுவிக்கொண்டே குழாயை வேகமாகத் திறந்துவிட்டான், எதுவும் காதில் விழாதபடி.

5

அதற்கு ஒரு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, குழந்தை அசையவே இல்லை என்று இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மத்தியானம் வரை நான் சமையலறையில் இருந்தேன். ரசம் வைத்தேன். அது ஆறியதும் மறுபடி சூடு செய்தேன். இடையில் சிவா போனில் அரைகுறையாக ஏதோ சொல்லி வைத்தான். மறுநாள் சாயங்காலம்தான் சிவாவிடமிருந்து முழுப் பேச்சு வந்தது.

"மாமா, அந்தப் போர்வைய எடுத்துக்கிட்டு வாங்க. அவ கேக்கறா."

"பொறந்துட்டுதா?"

"பொறந்துட்டுது மாமா." என்றான். "ஒங்களுக்குத் தெரியும்ல. நேத்தே சொன்னாங்க."

எனக்குத் தெரியாது. நேற்று அவன் போனில் சொன்னதை நான் வேறு மாதிரி புரிந்துகொண்டிருந்தேன், அல்லது புரிந்துகொள்ளாமல் விட்டிருந்தேன். டாக்ஸியில் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஓட்டுநர் பஞ்சாப்காரர். பின்கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "தாத்தா ஆகிவிட்டீர்களா?" என்று இந்தியில் கேட்டார். ஆமாம் என்றேன். அது பொய்யும் இல்லை.

ஆஸ்பத்திரியிலேயே போர்வை வைத்திருந்தார்கள். இப்படிப் பிறக்கிற குழந்தைகளுக்கென்று இந்த ஊரில் இருக்கிற யாரோ பின்னித் தானமாகக் கொடுத்துவைத்திருக்கிறார்கள். சின்னச் சின்னதாக, நீலத்தில், ரோஸ் நிறத்தில். மார்கரெட் மாதிரி ஒருத்திதான் பின்னியிருப்பாள். ரேவதி அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

குழந்தையை அவள் கையில் வைத்திருந்தாள். பெண். சரோஜாவின் நெற்றி. நான் அதற்கு மேல் பார்க்கவில்லை.

நர்ஸிடம் கத்தரிக்கோல் கேட்டேன். கட்டு வெட்டுகிற கத்தரி கொண்டுவந்தாள், நுனி மழுங்கி வளைந்தது. கம்பளி நூல் அதில் வெட்டுப்படாமல் நழுவியது. கத்தரி மென்று மென்றுதான் அறுத்தது. ஊக்கைக் கழற்றினேன். ஓரத்தின் கடைசிச் சுற்றைப் போடவில்லை, நேரம் இல்லை. அந்தக் கண்ணிக்குள் நூலை விட்டு இழுத்து இறுக்கினேன். இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. நான் அளவெடுத்துப் போட்ட போர்வை அந்தப் பிள்ளைக்குப் பெரிதாக இருந்தது. இரண்டாக மடித்துத்தான் சுற்றினோம்.

பிறகு பதிவு செய்ய ஒரு பெண் வந்தாள். பெயர் வைத்திருக்கிறீர்களா, வைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று தணிந்த குரலில் கேட்டாள். அவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். எனக்குச் சொல்லியிருக்கவில்லை. பிறந்ததும் சொல்வதாக இருந்தார்களாம். நம் வழக்கப்படிப் புதைத்தோம், போர்வையோடு. ஊரில் பெண்கள் கூட வர மாட்டார்கள். இங்கே ரேவதி நின்றாள், கடைசி வரைக்கும்.

6

அதன் பிறகு அவள் என்னோடு பேசியது குறைவு. சாப்பிடுங்க, மாத்திரை போட்டீங்களா, குளிருது உள்ள வாங்க. ஒருநாள் நான் தோரணத்துக்கு மணி கோத்துக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து நின்றாள்.

"முடிக்காம வச்சீங்கல்ல நைனா. அதான் முடியாமப் போயிடுச்சு."

கம்ப்யூட்டர் படித்தவள். நான் அவளை அப்படிப் படிக்க வைத்தேன் என்று ஓசூர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன். பதில் என்னிடம் நிறைய இருந்தது. ஒங்கம்மா சொன்னதைத்தான் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். முடித்திருந்தால், முடித்ததால்தான் போயிற்று என்று நான் நினைத்திருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, டாக்டர்கள் தரவில்லை. அது நானாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று மணியைக் கோத்தேன்.

செவ்வாய்க்கிழமைகளில் நூலகத்துக்குப் போவேன். வீட்டைவிட அங்கே பேச்சு அதிகம், எனக்குப் பாதி புரியாவிட்டாலும்.

7

இந்த மஞ்சள் போர்வையை மூன்று வாரத்தில் போட்டேன். மற்ற வேலைகளையெல்லாம் பையில் கட்டி வைத்துவிட்டேன். இந்தத் தடவை விருந்து இல்லை. ஆபீசில்கூட நெருங்கின இரண்டு பேருக்குத்தான் சொல்லியிருக்கிறாள். தினமும் வேலையிலிருந்து வந்ததும் சோபாவில் படுத்து, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, அசைகிற வரைக்கும் யாரோடும் பேச மாட்டாள். அசைந்ததும் எழுந்து போய் முகம் கழுவுவாள். அதுவரைக்கும் நானும் ஊசியை ஓட்ட மாட்டேன்.

போன செவ்வாய் ஓரத்தின் கடைசிச் சுற்று முடிந்தது. நூலை வெட்டினேன். அதைக் கண்ணிக்குள் விட்டு இழுக்க வேண்டும், ஒரு நிமிட வேலை. எனக்குக் கை வரவில்லை. சொன்ன வாக்கு ஒருபக்கம், சரோஜா ஒருபக்கம். கடைசியில் ஒரு காரியம் செய்தேன். இருப்பதிலேயே சின்ன ஊக்கை எடுத்து, கண்ணியை அதில் மாட்டி, ஓரத்து மடிப்புக்கு அடியில் தெரியாமல் செருகினேன். முன்பக்கம் பார்த்தால் எந்த மேனேஜரும் பாஸ் போட்டுவிடுவான். துவைத்துக் காயவைத்து, மடித்து, அவள் கையில் கொடுத்தேன்.

"முடிச்சிட்டீங்களா?"

"பாரு."

விரித்தாள். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பினாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு ஷெட்டுக்கு வந்து, சட்டைகளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் தொங்குகிற நூலையெல்லாம் வெட்டியவள் அவள். அதை நான் மறந்தேபோனேன். விரல்களால் ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். மூன்றாவது மூலையில் விரல் நின்றது.

"இது என்ன?"

"ஊக்கு."

"ஊக்குன்னு தெரியுது."

மடிப்பை விலக்கி ஊக்கைத் திறந்தாள். கண்ணி வாயைத் திறந்துகொண்டு நின்றது. வெட்டிய நூல் அவள் விரலில் இருந்தது. உள்ளே விட்டு இழுக்க அவளுக்குத் தெரியும், அம்மா கற்றுக்கொடுத்திருக்கிறாள். வெளியே இழுத்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். கத்தப் போகிறாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு கண்ணியை மறுபடி ஊக்கில் மாட்டினாள். மூடி, அழுத்திப் பார்த்தாள். மடிப்பை இழுத்துவிட்டு மறைத்தாள்.

"சிவாகிட்ட சொல்லாதீங்க" என்றாள்.

"சொல்ல மாட்டன்."

"துவைச்சப்ப ஒண்ணும் ஆகலல்ல?"

"ஆகல."

"இன்னும் ரெண்டு மாசம் இருக்கு நைனா. கழண்டுக்காம இருக்குமா?"

"இருக்கும்மா."

எத்தனையோ மேனேஜர்களுக்கு முகத்துக்கு நேராக உத்தரவாதம் கொடுத்தவன் நான். இதை அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.